கூண்டு நனையாத ராத்திரிக்கு

குடியாத்தம்
ஞாயிறு காலை

அன்பு பாப்பா,

போனில் சொன்னா பாதி மறந்துடும், அதனால எழுதுறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். ராத்திரி ஒருத்தர் ஒரு மாதிரியும் இன்னொருத்தர் வேற மாதிரியும் செஞ்சா குழம்புறது நாய்க்குட்டிதான்.

விடியறதுக்குள்ள கூண்டு நனைஞ்சு கிடக்குது, குட்டி பிடிவாதம் பண்ணுதுன்னு சொன்னே. ஒன்பது வாரக் குட்டிக்குப் பிடிவாதம் பிடிக்கிற அளவுக்கு மூத்திரப்பையில இடம் கிடையாது. வயசு எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கோ, பகல்ல அதிகபட்சம் அத்தனை மணி நேரம்தான் தாங்கும். ரெண்டு மாசத்துக்கு மூணு மணி. தூங்கும்போது மூத்திரம் ஊறுறது குறையும், அதனால ராத்திரி கொஞ்சம் கூடத் தாங்கும். நாலு மாசம் ஆனா அஞ்சாறு மணி நேரம், அஞ்சு ஆறு மாசத்துல ராத்திரி முழுக்க. நீங்க பத்தரைக்கு அடைச்சு ஆறுக்குத் திறக்குறீங்க. நனையாம இருந்தாத்தான் அதிசயம்.

முதல்ல கூண்டைப் பாரு. குட்டி பிறந்து மூணு வாரம் வரைக்கும் தாய் நக்கிவிட்டாத்தான் மூத்திரமே வரும், அதைத் தாயே நக்கிச் சுத்தம் பண்ணிடும். கால் ஊன்றி நடக்க ஆரம்பிச்சதும் படுக்குற இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த்தான் ஒண்ணுக்கு இருக்கும். கூண்டு வேலை செய்யறது இந்த ஒரு குணத்தை நம்பித்தான். தள்ளிப் போக இடம் இருந்தா ஒரு மூலையில இருந்துட்டு மறு மூலையில சுகமா தூங்கிடும். வளர்ந்த லேப்ரடாருக்கு 42 அங்குலக் கூண்டு சரி, இப்போ அதுல பாதி போதும். நிமிர்ந்து நிக்கணும், திரும்பணும், கால் நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான். கடையில வாங்கினதுன்னா நடுவுல தடுப்பு இருக்கும். வெல்டிங் பட்டறையில அடிச்சதுன்னா தடுப்பு இருக்காது, கெட்டியான கம்பி வலையை அளவா வெட்டி உள்ள நிறுத்தி பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டு, முனை எல்லாம் வெளிப்பக்கம் வரணும். பலகை வைக்காதே. மூத்திரம் மரத்துல ஊறினா வாடை போகவே போகாது, பல் வேற வச்சுடும். குட்டி வளர வளர, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை தடுப்பை நகர்த்திக்கலாம்.

அடியில மெத்தை போட்டிருக்கியாமே, எடுத்துடு. மெத்தை மூத்திரத்தை உறிஞ்சிக்கும், மேல காஞ்ச மாதிரியே இருக்கும், அப்புறம் குட்டிக்கு வெளியில போகணும்னு தோணவே தோணாது. ட்ரே மேல பழைய வேட்டி ஒரு மடிப்பு போதும். அதையும் நனைச்சா ரெண்டு வாரத்துக்கு வெறும் ட்ரேயிலயே விடு, நம்ம ஊர் வெயிலுக்குக் குட்டிக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. பழைய புடவை போடுறதா இருந்தா பீரோவுல பாச்சை உருண்டையோட இருந்ததை அப்படியே விரிக்காதே, அது நாய்க்கு விஷம். நல்லா துவைச்சு வெயில்ல காயவச்சுப் போடு. உள்ள விடும்போது கழுத்துப்பட்டையைக் கழட்டிடு, கம்பியில மாட்டிக்கும். கூண்டு உங்க கட்டிலை ஒட்டியே இருக்கட்டும். ஹால்ல வச்சா அது முனகுறது உங்க காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும்.

இப்போ ராத்திரி. அலாரம் வையுங்க, குட்டி அழுது எழுப்புற வரைக்கும் காத்திருக்காதீங்க. இதைத்தான் முக்கியமா சொல்லணும்னு உக்காந்தேன். இந்த வயசுல அசந்து தூங்குற குட்டி, மூத்திரப்பை நிறைஞ்சாலும் முழிக்காமலே ஒண்ணுக்கு இருந்துடும். முழிச்சு அழுது, நீ ஓடிப்போய்த் திறந்தா, அழுதா கதவு திறக்கும்னு கத்துக்கும். ரெண்டுமே நமக்கு வேண்டாம். பத்தே முக்காலுக்கு அடைச்சா முதல் அலாரம் ஒன்றரைக்கு, அடுத்தது நாலரைக்கு. கூண்டைத் திறந்ததும் நடக்க விடாதே, தூக்கிக்கிட்டுப் போ. நடந்தா வாசப்படி தாண்டுறதுக்குள்ள இருந்துடும். பெரிய லைட் போடாதே, பேச்சு கிடையாது, கொஞ்சல் கிடையாது. இருந்து முடிச்சதும் நேரா கூண்டுக்குள்ள. ராத்திரி வெளியில போறது விளையாடறதுக்குன்னு ஒரு தடவை நினைச்சுடுச்சுன்னா, அப்புறம் ராத்திரிக்கு நாலு தடவை கூப்பிடும்.

மூணு ராத்திரி தொடர்ந்து காஞ்சிருந்தா முதல் அலாரத்தை இருபது நிமிஷம் தள்ளு. மறுபடி மூணு ராத்திரி, மறுபடி இருபது நிமிஷம். முதல் அலாரம் ரெண்டரையைத் தாண்டினதும் ரெண்டாவதை எடுத்துட்டு அஞ்சரைக்கே எழுந்துக்கலாம். ஒரு நாள் நனைஞ்சா அரை மணி பின்னாடி வந்துடு, அங்கிருந்து மறுபடி ஆரம்பி. ரெண்டு நாள் காஞ்சிருந்ததும் ‘பழகிடுச்சு’ன்னு ஒரேயடியா அலாரத்தை அணைக்கிறதுதான் எல்லாரும் செய்யற தப்பு.

நடுவுல அழுதா எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு கேட்டே. அடைச்ச உடனே அழுதா அது தனியா இருக்கிற ஏக்கம். கம்பி வழியா விரலை நீட்டி வை, திறக்காதே, கொஞ்ச நேரத்துல அடங்கிடும். ரெண்டு மணி நேரம் தூங்கின பிறகு புரண்டு, எழுந்து, மோந்து பார்த்துச் சுத்தி, சின்னதா முனகினா அது அவசரம். யோசிக்காம தூக்கிக்கிட்டு ஓடு.

படுக்கப் போடுறதுக்கு முன்னாடி கடைசியா கூட்டிப் போறீங்களே, அதுல ஒரு விஷயம். குட்டி முதல்ல கொஞ்சம் இருந்துட்டு நிறுத்திடும். உடனே ‘ஆச்சு’ன்னு உள்ள தூக்கிட்டு வந்துடாதீங்க. கயிறு போட்டு அதே இடத்துலயே மூணு நாலு நிமிஷம் மெதுவா சுத்த விடு, ரெண்டாவது தடவை இருக்கும், பல நேரம் வெளிக்கும் போகும். இருக்க ஆரம்பிக்கும்போது ஒரே வார்த்தை, ‘ஒண்ணுக்குப் போ’ன்னு, தினமும் அதே வார்த்தை. முடிச்ச உடனே, உள்ள வந்த பிறகு இல்ல, அந்த இடத்துலயே, வேகவச்ச கோழித்துண்டு கடலை அளவுக்கு ஒண்ணு கொடு. வீட்டுக்குள்ள வந்து கொடுத்தா, உள்ள வந்ததுக்குத்தான் கொடுக்குறாங்கன்னு நினைச்சுக்கும்.

எங்க கூட்டிப் போறதுங்கறதும் யோசிக்க வேண்டிய விஷயம். எட்டு ஒன்பது வாரத்துல காலுக்கடியில எந்தத் தரை இருக்கோ அதைத்தான் கழிக்கிற இடம்னு மனசுல பதிச்சுக்கும். மொட்டை மாடி சிமெண்டுலயே பழக்கினா ஹால் தரையும் அதுக்கு அதேதான். ரெண்டடிக்கு ரெண்டடி பிளாஸ்டிக் ட்ரே ஒண்ணு வாங்கி மூணு அங்குலத்துக்குச் செம்மண் போட்டு மாடி மூலையில வை. மண்ணை நர்சரியில மூட்டையா வாங்கு, தெருவுலயோ காலி மனையிலயோ அள்ளாதே. பார்வோங்கற ரத்தக் கழிச்சல் நோயோட கிருமி மண்ணுல மாசக்கணக்கா சாகாம கிடக்கும், அதுக்குத் தடுப்பூசி வரிசை முடியவே குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகிடும். அதுவரைக்கும் உங்க வேலூர் சத்துவாச்சாரி தெருவுல, தெருநாய் இருந்துட்டுப் போன இடத்துல குட்டியை இறக்கவே வேண்டாம். பாறையை அரைச்ச எம்-சாண்ட் மணல் போடாதே, கால் இடுக்குல உறுத்தும், தூசி வேற. வெளிக்குப் போனதை அப்பப்போ அள்ளிடு, ஈரமான மண்ணுல கொஞ்சத்தை மட்டும் விட்டு வை, அந்த வாடை அடுத்த தடவை இடத்தைக் காட்டிக் கொடுக்கும். பகல்ல மாடித் தரையில புறங்கையை வச்சுப் பாரு, ஏழு விநாடி வைக்க முடியலைன்னா குட்டியோட பாதமும் தாங்காது.

சாப்பாடு. மூணு மாசம் வரைக்கும் நாளைக்கு நாலு வேளை: ஏழு, பதினொண்ணு, மூணு, ஆறரை. ஆறரைக்கு மேல ஒண்ணும் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள வெளிக்கு வரும், அப்போ அதை மண் ட்ரேயில நிறுத்து. உங்க மாமியார் ஒன்பது மணிக்குப் பால்சோறு ஊட்டுறாங்கன்னு சொன்னே. பால் பல குட்டிக்கு ஒத்துக்காது, கழிச்சல் ஆகும். சோத்துல பாதிக்கு மேல தண்ணிதான், அது விடியக்காலை மூணு மணிக்குக் கணக்கு கேட்கும். நேரா சொன்னா வருத்தப்படுவாங்க, மூணு மணி வேளையை அவங்க கையில கொடுத்துடு. மிச்சமான மீன் குழம்பும் வேண்டாம். உப்புக்குத் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும், வெங்காயம் பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாது.

தண்ணியை எட்டரைக்கே எடுத்துடச் சொல்வாங்க. மார்கழியில சரி. இப்போ சித்திரை பிறக்கப் போகுது, கத்திரி வந்தா வேலூர்ல 40 டிகிரி தாண்டும், ராத்திரியும் சுவர் அனல் அடிக்கும். தண்ணியை அடியோட நிறுத்தினா குட்டி சுருண்டுடும். எட்டரைக்கு வயிறாரக் குடிக்க விடு, அப்புறம் படுக்குற வரைக்கும் ரெண்டு ஐஸ் கட்டி நக்கக் கொடு. ரொம்பப் புழுக்கமா இருந்தா கிண்ணத்துல கொஞ்சம் தண்ணி வச்சுட்டு, கூட ஒரு அலாரம் வை. தூக்கம் கெட்டாலும் பரவாயில்ல. கூண்டு மேல துணி போட்டு மூடுறதா இருந்தா ரெண்டு பக்கம் திறந்திருக்கட்டும், ஃபேன் காத்து உள்ள போகணும்.

கடிக்கக் கூண்டுல ரப்பர் பொம்மை ஒண்ணு போதும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் வெட்டு சும்மா கிடைக்குதுன்னு யாராவது கொடுத்தா வாங்காதே. குரோமியம் உப்புல பதனிட்டது, வாயில வைக்கிற பொருள் இல்ல.

நனைச்சுட்டா திட்டாதே. மூக்கைத் தேய்க்கிறது, அடிக்கிறது எல்லாம் பழைய காலத்து முரட்டுத்தனம். அப்படிச் செஞ்சா உன் எதிரில இருக்கவே பயந்து, சோபாவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சு இருக்கும், அப்புறம் வெளியில கூட்டிப் போனாலும் அடக்கிக்கும். துணியால ஒத்தி எடு, தேய்க்காதே. சோப்புத் தண்ணி, அப்புறம் செல்லப்பிராணிக் கடையில விக்கிற, வாடையைப் போக்குற என்சைம் திரவம். அது இல்லேன்னா வெள்ளை வினிகரும் தண்ணியும் சம பங்கு கலந்து பத்து நிமிஷம் விட்டுத் துடை. ஃபினாயில் வேண்டாம், குட்டி நக்கும். பிளீச்சிங் பவுடரை மூத்திரம் மேல கொட்டாதே, மூச்சுத் திணற வைக்கிற வாயு வரும். ட்ரேயைக் கழுவி வெயில்ல காயவை.

ஒரு சந்தேகம் எனக்கு இருக்கு. கடைக் கூண்டுல நாள் முழுக்க அடைஞ்சு கிடந்த குட்டின்னா, அழுக்கு மேலயே படுத்துப் பழகியிருக்கும், தள்ளிப் போகிற குணமே மழுங்கியிருக்கும். நனைச்ச பிறகும் கலங்காம அதுலயே தூங்குதான்னு கவனி. தூங்கினா ஒரு வாரத்துக்கு ரெண்டு மணிக்கொரு தடவை எழுப்பணும், நீயும் மாப்பிள்ளையும் பங்கு போட்டுக்கோங்க. ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூண்டுக்குள்ளயே வை, சாப்பிடுற இடத்தை அசிங்கம் பண்ண நாய்க்கு மனசு வராது. பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல அடைக்காதே. ஆபீஸ் போற நேரத்துக்கு ஆள் வேணும், இல்லேன்னா ராத்திரி பட்ட பாடு பகல்ல வீணாப் போகும்.

அரை மணிக்கொரு தடவை சொட்டுச் சொட்டா இருந்தா, முக்கினா, ரத்தம் தெரிஞ்சா அது பழக்கம் இல்ல, நோய். பெண் குட்டிக்கு இது கொஞ்சம் கூடுதலா வரும். காலையில முதல் மூத்திரத்தைச் சுத்தமான காஞ்ச பாட்டில்ல பிடிச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட கொண்டு போ. வாந்தியும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தா விடியற வரைக்கும் காத்திருக்காதே. பூச்சி மருந்து தேதியையும் அப்படியே கேட்டுக்கோ, பன்னிரண்டு வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும். பூச்சி இருந்தா கழிச்சல் நிக்காது.

ஒரு நோட்டு எடுத்து நாலு கோடு போடு: எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, கடைசியா எப்போ இருந்தது, எப்போ எழுப்பினீங்க, காஞ்சதா நனைஞ்சதா. அடுத்த ஞாயித்துக்கிழமை போன் பண்றப்போ அதைப் படி, முதல் அலாரத்தை எவ்வளவு தள்ளலாம்னு அப்போ பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா