‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது குறித்துப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன், பள்ளி விடும் நேரத்தில், நம் வாயிலை ஒட்டிய திருப்பத்தில் உயர் வகுப்பு மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்ததை உங்களில் பலர் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாய்க்கு வாய் மாறிய செய்தி இந்நேரம் பெரிதாகியிருக்கும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மாணவரின் பெற்றோர் இசைவு தந்த பிறகே இதை எழுதுகிறேன். அவர் யார் என்று தேட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் ஓட்டி வந்தது தன் அண்ணனின் வண்டி. திருப்பத்தில் சிதறிக் கிடந்த மணலில் பின்சக்கரம் வழுக்க, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து சில அடி தூரம் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. தலைக்கவசம் அணிந்திருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. படுத்துக் கிடந்த வண்டியின் டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டிச் சாலையில் திட்டாகப் பரவிக்கொண்டிருந்தது, முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாவி போட்டபடியே இருந்தது. அந்தத் திட்டைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஒருவர் வண்டியை நிமிர்த்தி, ஓடுகிறதா பார்ப்போம் என்று ஸ்டார்ட் செய்ய முனைந்தார். நம் வாயிற்காவலர் ஓடிவந்து சாவியைத் திருப்பி எடுத்து, கூட்டத்தை விலக்கி, அந்த இடத்தில் மண்ணைக் கொட்டினார். தீப்பிடிக்கவில்லை. மாலையில் மாணவரின் தந்தையோடு தொலைபேசியில் பேசினேன். நல்ல மனிதர், பதறிப்போயிருந்தார். ஆனாலும் அவர் முதலில் சொன்னது, “மூன்று வருடமாக ஓட்டுகிறான் ஐயா, அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு” என்பதுதான்.

அவரைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் சொட்டிய பெட்ரோல் தீப்பிடிக்காமல் போனதையும், மூன்று வருடமாக விபத்து இல்லாமல் போனதையும் நாம் ஒரே விதமாகத்தான் புரிந்துகொள்கிறோம் என்று அன்று இரவு எனக்குத் தோன்றியது. ஒன்றும் ஆகவில்லை என்பதால், ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் பழக்கம் என்று நாம் சொல்வதைப் பற்றி. மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே சென்று ஆராய்ந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று, தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900க்கும் மேற்பட்ட விபத்துகளை அவரது குழு நேரில் ஆராய்ந்தது. 3,600 காவல்துறை அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டது. பழைய ஆய்வுதான், அதன் பிறகு வண்டிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆகவே அதன் விகிதங்கள் இன்று அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுபவம் பற்றி அது கண்டறிந்த ஒன்றை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். விபத்தில் சிக்கியவர்கள் சாலையில் ஏறக்குறைய மூன்று வருட அனுபவம் உடையவர்கள். அதாவது கற்றுக்குட்டிகள் அல்ல. ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியில் இருந்த பழக்கம் ஐந்து மாதங்களுக்கும் குறைவு. இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தந்தையின் ‘மூன்று வருடம்’ நினைவுக்கு வந்தது. பையன் மூன்று வருடம் ஓட்டியது வீட்டில் இருந்த சிறிய ஸ்கூட்டரை. அண்ணனின் கனமான, கியர் உள்ள, வேகம் சட்டென்று ஏறும் வண்டியை அவர் எடுக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கை நம் கைதான் என்றாலும், வண்டி மாறினால் பிரேக் பிடிக்கும் விதம் மாறுகிறது, எடை நிற்கும் இடம் மாறுகிறது, ஆக்சிலரேட்டரைத் திருகும் அளவு மாறுகிறது. நிதானமாகப் போகும்போது இந்த வேறுபாடு தெரிவதே இல்லை. எதிரே திடீரென்று ஒன்று குறுக்கிடும்போது, கை தனக்குப் பழகிய பழைய வண்டியைத்தான் ஓட்டும். அதே ஆய்வின்படி, ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதல் வரை ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் வழக்கமாக இரண்டு விநாடிக்கும் சற்றுக் குறைவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும் என்பதை வைத்துப் பார்த்தால், யோசித்து முடிவெடுக்க அங்கே இடமே இல்லை. அந்த நேரத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வேகம் குறையும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மீது சாய்வதால், நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனால் முன் பிரேக் பிடித்தால் குப்புறக் கவிழ்ந்துவிடுவாய் என்று சொல்லிக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்றும் அந்த ஆய்வு கூறுகிறது. நாம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதோடு, நமக்கிருந்த தவறான பழக்கங்களையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறோம்.

“என் பிள்ளை ஒழுங்காகத்தான் ஓட்டுவான், வேகமே போகமாட்டான்” என்பது நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு வாக்கியம். அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும், வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய அந்த மற்ற வாகனம்தான் வழிவிடவில்லை என்று ஹர்ட் குழு கண்டது. காரோட்டி, மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை, அல்லது கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. நல்ல பிள்ளையாக ஓட்டுவது வேறு, பிறர் செய்யும் பிழையை முன்கூட்டியே எதிர்பார்த்து ஓட்டுவது வேறு. இரண்டாவது, வருடக்கணக்கில் தானாக வந்துவிடுவதில்லை.

இங்கே பள்ளியின் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விழா நாட்களில், உரிமம் பெற்ற மூத்த மாணவர்களை, “பக்கத்தில்தானே, வண்டியில் ஒரு எட்டுப் போய் வாங்கி வந்துவிடு” என்று நாங்கள் அனுப்பியிருக்கிறோம். பெரும்பாலான விபத்துகள் இப்படிப்பட்ட குறுகிய பயணங்களில், புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே நேர்கின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவு. பக்கத்தில்தானே என்ற எண்ணத்தில் தலைக்கவசம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இனி எந்த மாணவரையும் எந்த வேலைக்காகவும் வண்டியில் அனுப்புவதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டோம். தலைக்கவசம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை: அது இறப்பு அபாயத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது. தாடைப் பட்டையை மாட்டினால் மட்டுமே.

இனி தீயைப் பற்றி. திரைப்படங்களில் விழுந்த வண்டி மறுநொடியே வெடித்துச் சிதறுகிறது. உண்மையில் விழுந்த மோட்டார் சைக்கிள்கள் தீப்பிடிப்பது அரிது. பிள்ளைகளுக்கும் இது தெரியும், அதனால்தான் பயமில்லாமல் சுற்றி நிற்கிறார்கள். ஆனால் ஹர்ட் ஆய்வில் 62 விழுக்காடு விபத்துகளில், மோதலுக்குப் பிறகு எரிபொருள் கசிந்தோ சிந்தியோ இருந்தது. கசிவு வழக்கமானது, தீ அரிதானது. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு பொறிதான். அந்தப் பொறி இல்லாமல் போவது பெரும்பாலும் தற்செயல்; அதை நம் கவனம் என்று தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எரிவது திரவப் பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பெட்ரோல் எரியக்கூடிய அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே மேலே எழாமல் தரையோடு படர்ந்து, பள்ளங்களிலும் கால்வாயோரங்களிலும் தங்கிவிடும். காற்றில் ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் ஈரத்திட்டிலிருந்து தள்ளி நின்றுவிட்டோம் என்று நினைப்பவர், தெரியாத ஆவிக்குள் நின்றுகொண்டிருக்கலாம். சூடான சைலன்சரின் மீது சொட்டும் பெட்ரோல் இன்னும் விரைவாக ஆவியாகிறது. அறுந்த ஒயரோ, தரையில் தேயும் இரும்போ, அருகில் நிற்பவரின் சிகரெட்டோ பொறியைத் தந்துவிடுகிறது. வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது, பொறியை நாமே கொண்டுவந்து கொடுப்பதற்குச் சமம்.

ஆகவே வண்டி விழுந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை சாவியைத் திருப்பி அணைப்பது. கார்புரேட்டருக்குப் பதிலாக ஊசி வழியே எரிபொருள் செலுத்தும் (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) புதிய வண்டிகளில், சாவி போட்டிருக்கும் வரை பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு தள்ளிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. சாய்ந்தால் தானாக நிறுத்தும் கருவி எல்லா வண்டியிலும் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியானால், டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதை நிறுத்தும் திருகையும் மூட வேண்டும். பிறகு கூட்டத்தை விலக்க வேண்டும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் என்பதால், எரியும் பெட்ரோல் மீது தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு சேர்ந்து பரவும். மண்ணோ, உலர்தூள் தீயணைப்பானோதான் உதவும்.

அடிபட்டவரை அசைக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள் என்று முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அது சரியான விதி; கழுத்தெலும்பு முறிந்திருந்தால், ஒரு தவறான அசைவு வாழ்நாள் ஊனமாகிவிடும். ஆனால் அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: மூச்சு நின்றாலோ, தீ சூழ்ந்தாலோ காத்திருக்க முடியாது. அடிபட்டவர் சிந்திய பெட்ரோலில் கிடக்கிறார், தீ இன்னும் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார். சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: சாவியை அணைத்து, பொறி வரக்கூடிய எல்லாவற்றையும் விலக்கி, வண்டியை அவரிடமிருந்து அகற்ற முடிந்தால் அகற்றுங்கள், அதற்குப் பிறகும் ஆபத்து நீங்காவிட்டால், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து நகர்த்துங்கள். உடை பெட்ரோலில் நனைந்திருந்தால் அதுவே ஓர் ஆபத்து. நெருப்பருகே போகாமல் அதைக் களைந்து தோலைக் கழுவ வேண்டும். சுட்ட புண் மீது குறைந்தது 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கும் வீடுகள், பெட்ரோல் இல்லையே என்று இந்தப் பத்திகளைத் தாண்டிவிட வேண்டாம். அடிபட்ட லித்தியம் பேட்டரி விழுந்த உடனே புகையாமல், பல மணி நேரம் கழித்தோ, மறுநாளோகூடத் தீப்பிடிக்கக்கூடும். விழுந்த வண்டியை வீட்டுக்குள்ளோ, வெளியேறும் வழியிலோ நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியை உரியவர் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

உங்களிடம் நான் கேட்பது சிலவே. உரிமம் பெறாத பிள்ளைக்குச் சாவி கிடைக்கும் இடத்தில் சாவி இருக்க வேண்டாம். உரிமம் பெற்ற பிள்ளை புதிய வண்டிக்கோ, பிறரது வண்டிக்கோ மாறினால், முதல் சில மாதங்கள் அவரைப் புதிதாக ஓட்டத் தொடங்கியவராகவே நடத்துங்கள். பின்னால் ஆள் ஏற்றுவதையும் இரவுப் பயணத்தையும் தள்ளிப்போடுங்கள். பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, டேங்க் மூடி இறுகப் பொருந்துகிறதா என்று மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிப் பைக்குள் வைத்து வரும் வழக்கம் சில மாணவர்களிடம் இருப்பதை அண்மையில்தான் அறிந்தோம். அதை வீட்டிலும் கண்டியுங்கள். எங்கள் தரப்பில், அவசர வாயிலை மறித்தபடி நெருக்கமாக வண்டிகளை நிறுத்தி வந்த இடத்தை மாற்றிவிட்டோம். இத்தனை காலம் அது எங்கள் கண்ணில் படாமல் போனதற்கு வருந்துகிறேன். புதிய நிறுத்துமிடத்தில் மணல் வாளிகளும் தீயணைப்பானும் வைத்திருக்கிறோம்.

இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பள்ளி மைதானத்தில், தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவர், முன் பிரேக்கை முறையாகப் பிடித்து வண்டியை நிறுத்துவது குறித்து உரிமம் பெற்ற மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயிற்சி தருகிறார். மற்ற மாணவர்களுக்குத் தீயணைப்பும் முதலுதவியும் கற்றுத்தரப்படும். தலைக்கவசமும் மூடிய காலணியும் இல்லாதவர்கள் பார்வையாளராக மட்டுமே இருக்கலாம். வரும்போது, உங்கள் பிள்ளை எந்த வண்டியை ஓட்டுகிறார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ அதை அல்ல, அவரிடமே கேட்டு, உண்மையில் எதை ஓட்டுகிறாரோ அதை எடுத்து வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்