மிதிக்காமலே உறுமும் எஞ்சின்

ஆகன், ஜெர்மனி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? குளிர் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் இன்னும் பழகவில்லை. கடைகள் மூடியிருக்கும், வீட்டுச் சுவரில் ட்ரில் போடக்கூட விடமாட்டார்கள்.

ஹைப்ரிட் கார்களின் சத்தத்தைக் கேட்டு அளப்பதுதான் என் வேலை என்றதும், சத்தம் கேட்பதற்கா சம்பளம் என்று அம்மா கேட்டார்களாமே. வண்டிப் பட்டறை வைத்திருக்கும் உங்களுக்குச் சொன்னால் புரியும். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமும் சத்தமும் சேர்ந்தே ஏறும். ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி. டொயோட்டா ப்ரியஸ் மாதிரி ஹைப்ரிடில் எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் பிளானட்டரி கியர் என்ற பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது. எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்தும், வேகம் அப்படியே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது பேட்டரி இறங்கியிருந்தால் எஞ்சின் தானாக உயிர் பெறும். ஓட்டுகிறவருக்குத் திக்கென்று இருக்கும்.

மோட்டாரில் மட்டும் ஓடும்போது வேறு தொல்லை. எஞ்சின் சத்தம் அதுவரை மூடி வைத்திருந்த மோட்டார் ரீங்காரம், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் மெல்லிய விசில், பேட்டரி ஃபேன் எல்லாம் காதில் விழ ஆரம்பிக்கும். டெசிபல் குறைந்திருக்கும், எரிச்சல் கூடியிருக்கும். அதனால் டெசிபலோடு நிற்காமல், காதுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்ற உரப்பைச் சோன் என்ற அலகிலும், கூர்மையை அக்கும் என்ற அலகிலும், கரகரப்பை ஆஸ்பர் என்ற அலகிலும் தனித்தனியாக அளக்கிறோம்.

ஆனாலும் கடைசித் தீர்ப்பு மனிதக் காதுதான். காதுகளில் மைக் வைத்த ஒரு பொம்மைத் தலையை வண்டி சீட்டில் உட்கார வைத்துப் பதிவு செய்கிறோம். அந்தப் பதிவில் எஞ்சின், மோட்டார், டயர், காற்று ஒவ்வொன்றின் சத்தம் எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறோம். அப்புறம் ஆய்வகத்தில் ஸ்டீயரிங், பெடல், ஹெட்போனோடு ஒருவரை உட்கார வைத்தால், அவர் மிதிப்பதற்கு ஏற்ப கம்ப்யூட்டர் அந்தச் சத்தங்களைக் கலந்து தரும். மோட்டார் விசிலை 6 டெசிபல் குறைத்தால் எப்படியிருக்கும், எஞ்சின் கொஞ்சம் தாமதமாக எழுந்தால் எப்படியிருக்கும் என்பதை, பாகம் செய்வதற்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

சும்மா கேட்கும்போது "நன்றாக இருக்கிறது" என்றவரே, பெடலை மிதித்து ஓட்டும்போது அதே சத்தத்தை வேண்டாம் என்கிறார். காலுக்கும் காதுக்கும் ஒத்துப்போகவில்லை. பதிவை மட்டும் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவதில் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஓட்டவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

சத்தமே இல்லாததும் ஆபத்துதான். 2021 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புது ஹைப்ரிட், மின்சாரக் கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை வெளியே ஓர் ஒலி எழுப்பியே ஆக வேண்டும். பார்வையற்றவர்கள் தெருவைக் கடக்க வேண்டுமே. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

உங்களிடம் ஹைப்ரிட் வண்டி வந்து, பின்சீட் பக்கம் ஃபேன் இரைகிறது என்று சொன்னால், பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஜன்னலில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆரஞ்சு நிற வயரில் மட்டும் கை வைக்காதீர்கள், அண்ணா. அது உயர் மின்னழுத்தம். பையன்களிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
தம்பி