துணி சிவந்தால் பெயின்ட் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

தூத்துக்குடியில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. 1998இல் வாங்கிய எங்கள் சிவப்புக் காரின் பானெட்டும் மேற்கூரையும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துவிட்டன. ஒரு பட்டறையில், முழுவதும் சுரண்டிப் புதிதாக அடித்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

வயதான பெயின்டர் ஒருவர் ஈரத்துணியில் துளி காம்பவுண்ட், அதாவது பெயின்டின் மேல்தோலை மெல்லத் தேய்த்தெடுக்கும் பசை, தொட்டு ஓரத்தில் தேய்த்தார். துணி சிவந்தது. “மேலே வெயில் தின்ற தோல்தான் இது, உள்ளே நிறம் இருக்கிறது” என்றார். இப்போதைய பெரும்பாலான கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போன்ற பூச்சு இருப்பதால் துணியில் நிறம் வராது. அந்தப் பூச்சே செதில் செதிலாக உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நிழலில் நிறுத்தி, தகடு ஆறியபின் தேய்த்தேன். முதலில் உப்பும் மணலும் போகக் கழுவ வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் கீறிவிடும். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியது, அங்கே அழுத்தக் கூடாது. கடைசியில் மெழுகுப் பூச்சு. என் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, வாங்கிய நாளில் இருந்ததுபோல் இருக்கிறது என்றாள்.

கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் காம்பவுண்ட் படக் கூடாது. வெள்ளைத் திட்டு விழும். தேங்காய் எண்ணெய் பூசுவோரும் உண்டு. மினுமினுப்பு சில நாள்தான், பிறகு தூசி அப்பிக்கொள்ளும்.

பட்டறைக்காரர்கள் விலை சொல்லுமுன் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தூத்துக்குடி