பகானில் குதிரை வண்டி ஏறுவோர் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் நம் சித்திரைப் பிறப்பும் ஒட்டி வருவதால், விடுமுறைக்கு மியன்மரின் பழைய கோயில் நகரமான பகானுக்கும் மலை நகரமான மேமியோவுக்கும் போகும் நம்மவர்கள் குதிரை வண்டி ஏறுவது வழக்கம். பகானுக்குத் தெற்கே ஐராவதிக் கரையிலுள்ள சௌக்கில் 2024 ஏப்ரலில் 48.2 டிகிரி வெயில் அடித்தது. அப்படிப்பட்ட வெயிலில்தான் அந்த மட்டக்குதிரைகள் நம்மை இழுக்கின்றன.

எத்தனை பேர் ஏறுகிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு சக்கர வண்டியில் யார் எங்கே உட்காருகிறார் என்பதும் குதிரையைப் பாதிக்கும். முன்பக்கம் பாரம் கூடினால் ஏர்க்கால் (வண்டியிலிருந்து குதிரையின் இருபக்கமும் நீளும் கட்டை) இறங்கி முதுகுச் சேணத்தை அழுத்தும். கனத்த ஆட்கள் பின்னால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ஏர்க்கால் மேலே எழும்பும், வயிற்று வார் நெஞ்சுக்கூட்டை இறுக்கும், குதிரைக்கு மூச்சு வாங்கும். எல்லோரும் ஏறிய பிறகு ஏர்க்கால் தானாக மேலே எழும்பாமல், வண்டிக்காரர் அதன் நுனியை ஒரு கையால் எளிதாகத் தூக்க முடிந்தால் பாரம் சரி. மேட்டில் பாரம் தானாகவே பின்னால் சாயும், அப்போது முன்னே நகர்ந்து உட்காருங்கள். இறக்கத்தில் பின்னே நகருங்கள். மணல் தடத்தில் இறங்கி நடந்தால் இன்னும் நல்லது.

குதிரைக்கு வரும் புண்களுக்குப் பெரும்பாலும் சேணமே காரணம். சேணத்தின் இரு மெத்தைகளும் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் படிய வேண்டும், எலும்பின் மேல் எதுவும் படக்கூடாது. குதிரையின் மார்பைச் சுற்றி வண்டியை இழுக்கும் மார்வார் உயர்ந்தால் மூச்சுக்குழாயை நெரிக்கும், தாழ்ந்தால் முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். தோள் மூட்டுக்குச் சற்று மேலே, நான்கு விரல் அகலத்தில், தட்டையாக இருப்பதே சரி. நைலான் கயிறு தோலை அறுத்துவிடும். பலர் கவனிக்காத ஒன்று: நடக்கும்போது தோள்கள் மாறி மாறி முன்னே போகின்றன. மார்வாரிலிருந்து வண்டிக்குப் போகும் இழுவார்களை வண்டியில் அசையாதபடி கட்டினால் மார்வார் ஒவ்வோர் அடிக்கும் தோலைத் தேய்க்கும். நடுவில் ஒரே ஆணியில் ஊசலாடும் குறுக்குக் கட்டையில் இழுவார்களை மாட்டினால் இந்தத் தேய்ப்பு பெரிதும் குறையும். ஒரு மரத்துண்டு, ஓர் ஆணி, அவ்வளவுதான் செலவு. இதைச் செய்யாமல் மருந்து மட்டும் பூசிக்கொண்டிருப்பது வீண்.

புண் வந்துவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவவே கூடாது, அது சதையை எரிக்கும். வார் படும் இடத்தில் புண் இருந்தால் ஆறும் வரை பூட்டக்கூடாது.

வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிற்றுவலி வரும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். வெயிலில் மட்டக்குதிரைக்கும் நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் தேவைப்படலாம். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் காட்ட வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். மடிப்பு இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. வெயிலில் ஓடியும் வியர்க்காமல், தள்ளாடி, வேகமாக மூச்சிரைக்கும் குதிரையை அங்கேயே அவிழ்த்து, நிழலில் நிறுத்தி, உடம்பெங்கும் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

வண்டி பேசும்போது காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பிறகும் பேசுங்கள். இடைப்பட்ட நேரத்துக்கும் சேர்த்து வாடகை கொடுத்து, நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். வருமானம் போய்விடுமோ என்றுதான் வண்டிக்காரர் உச்சி வெயிலிலும் ஓட்டுகிறார்.

இப்படிக்கு,
சேணத் தொழில் அறிந்த வாசகர்கள்,
மாண்டலே