கடைசிப் படமும் காய்ந்துவிட்டது

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம்.

கார்த்திகை அடைமழையில் எங்கள் ஓவியக்கூடத்தின் கூரை ஒழுகியது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றிரவு ஓடி வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட நேரில் நன்றி சொல்ல முடியவில்லை. யார் வந்தார்கள், யார் எதைத் தந்தார்கள் என்று குறித்து வைக்க அப்போது யாருக்கும் நேரம் இருக்கவில்லை. போன கிழமைதான் கடைசிப் படம் காய்ந்து சட்டத்துக்குள் போனது. அதற்குப் பிறகுதான் எனக்கு உட்கார்ந்து எழுத மனம் வந்தது.

கூடத்துக்கு வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. டச்சுக்குடாப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடுதான் அது. ஒரு விறாந்தை, ஒரு மண்டபம், இரண்டு அறை. இந்தச் சுவர்கள் கிடைக்கும் முன், எங்கள் ஊரில் வரைகிற ஒருவர் தன் படத்தை நாலு பேருக்குக் காட்ட நினைத்தால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். படங்களைப் பழைய சேலையில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து, பட்டத்தோடு ஊருக்கு வந்து, பிறகு தூரிகையைத் தொடாமலே விட்டவர்களும் இருக்கிறார்கள். வரையத் தெரியாமல் விடவில்லை. வரைந்ததை மாட்ட ஒரு சுவர் இல்லை, அதனால் விட்டார்கள்.

எங்களுக்குக் கொஞ்சம் காசு வருவது சீசன் காலத்தில்தான். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஆட்கள் தங்குவார்கள், சிலர் கூடத்துக்கும் வந்து ஒன்றிரண்டு வாங்குவார்கள். வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் விற்பனை நின்றுவிடும். கூரை ஒழுகியது சரியாக அந்த நேரத்தில். கையில் இருந்தது அடுத்த மாத வாடகை மட்டும்.

இரவு பதினொரு மணிபோல மண்டபத்து மேற்குச் சுவர் முழுக்கத் தண்ணீர் வழிந்தது. நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். முதலில் வந்தவர்கள் சந்தி ஓட்டோ ஸ்ராண்டில் நின்ற தம்பிமார். ஒருவருக்குப் போன் செய்தேன், ஆறு ஓட்டோ வந்தது. சீற்றில் பொலித்தீன் விரித்து, படங்களை நிமிர்த்தாமல் படுக்க வைத்து, குழந்தையைக் கொண்டுபோவதுபோல மெதுவாக ஓட்டினார்கள். மறுநாள் கூலி கொடுக்கப் போனபோது ஒருவரும் வாங்கவில்லை. தம்பிமாரே, அந்தக் கணக்கு எங்களிடம் எழுதாமலே இருக்கிறது.

சனசமூக நிலையத்துக்காரர் அந்த நேரத்தில் எழும்பி வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். மேசை, வாங்கு எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கித் தந்தார்கள். வீடுகளிலிருந்து பாய் வந்தது, துவாய் வந்தது, மின்விசிறி வந்தது.

அடுத்து நான் சொல்லப்போகிறவர் ஓய்வுபெற்ற நூலகர் அக்கா. அவர் வந்திருக்காவிட்டால் நாங்கள் எங்கள் கையாலேயே படங்களைக் கெடுத்திருப்போம். கண்ணாடிச் சட்டத்துக்குள் நனைந்துபோன நீர்வண்ணப் படங்களை அப்படியே காயவைத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்று இருந்தோம். "காய்ந்தால் கண்ணாடியோடு போய்விடும், ஈரத்தோடயே எடுங்கோ" என்றார். துவாயால் துடைக்கப் போனவர்களின் கையைப் பிடித்து நிறுத்தினார். துடைத்தால் நிறம் இழுபடும், ஒற்றத்தான் வேண்டும். பத்திரிகைத் தாளை விரிக்கவும் விடவில்லை. மை படத்தில் இறங்கிவிடுமாம். விசிறியைப் படத்துக்கு நேரே வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி, காற்று அறைக்குள் சுற்றி வரும்படி வைத்தார். விடிந்த பிறகு வெயிலில் வைப்போமா என்று கேட்டோம். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அச்சிடாத வெள்ளைத்தாள் வேண்டும் என்றவுடன் அச்சகம் வைத்திருக்கும் அண்ணா ஒரு கட்டு முழுதையும் தூக்கி வந்தார். நாங்கள் அதை ஒரே நாளில் முடித்துவிட்டோம். இரண்டாவது கட்டையும் தந்தார்.

ஆனாலும் ஈரத்தில் இரண்டு மூன்று நாள் இருந்தால் கடதாசியில் பூஞ்சணம் பிடித்துவிடும். வரைதற் கொப்பிகள் மட்டும் 40க்கு மேல் இருந்தன, எல்லாம் உயர்தரத்தில் சித்திரம் எடுக்கும் பிள்ளைகளுடையவை. அத்தனையையும் ஒரே நேரத்தில் காயவைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. உறைய வைத்தால் பூஞ்சணம் வளராது, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஆறுதலாகக் காயவைக்கலாம் என்றார் அக்கா. அவ்வளவு பெரிய பிறீசருக்கு எங்கே போவது? மீன்வாடி வைத்திருக்கும் சம்மாட்டி ஐயா ஒருவரிடம் போய்க் கேட்டோம். கடல் கொந்தளிப்பால் தொழில் இல்லாமல் வெறுமையாக இருந்த ஒரு பிறீசரை, அவரும் மாமியுமாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துத் தந்தார்கள். கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி அடுக்கினோம். கன்வஸ் ஓவியங்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது, அவற்றைக் கட்டைகள் மேல் மல்லாத்தி வைத்தோம். மழை விட்டு, படகுகள் இறங்கத் தொடங்கிய பிறகும் ஐயா அந்தப் பிறீசரைக் கேட்கவில்லை. மீனுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஐயா, மாமி, அந்தப் பிள்ளைகளின் இரண்டு வருட உழைப்பு உங்கள் வாடியில்தான் தப்பியது.

கிண்ணியா நானாவின் 'பாதை' படத்தைப் பலர் விசாரித்தீர்கள். அது தப்பிவிட்டது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை ஆட்களும் வாகனங்களும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனார்கள். இன்று 396 மீற்றர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளைகளுக்குப் பாதை என்றால் றோட்டுத்தான். நானா தன் நினைவிலிருந்து வரைந்த படம் அது, கீழ் ஓரத்தில் ஒரு நீர்க்கறை மட்டும் நின்றுவிட்டது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டோம். "ஆத்துத் தண்ணிதானே, இரிக்கட்டும்" என்றார். தன் படம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் முன் மற்றவர்களின் படங்களை ஒற்றிக்கொண்டு நின்றவர் அவர்.

9 படங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஒன்பது பேரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அதில் ஒரு தங்கை முதல்முறையாகத் தந்திருந்தாள், தன் அம்மம்மாவைப் பென்சிலும் நீர்வண்ணமுமாக வரைந்த படம். அம்மம்மா இப்போது இல்லை. அவளுடைய அம்மா எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்து, "நீங்கள் அழாதேங்கோ தம்பி, அவள் திரும்ப வரைவாள்" என்றார். ஆறுதல் சொல்லப் போன எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டுக்கு என்ன வார்த்தையில் நன்றி சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

கூரையை மாற்றிய ஓடாவியார் மரத்துக்கு மட்டும் காசு வாங்கினார். அவர் சொன்னபடி எல்லாச் சட்டங்களின் பின்னாலும் சிறு மரத்துண்டுகள் ஒட்டியிருக்கிறோம். படம் சுவரோடு ஒட்டாமல் நடுவில் காற்றுப் போகும். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆணிகளையெல்லாம் கழற்றிவிட்டுப் பித்தளைக் கொளுக்கி போட்டாயிற்று. அந்தக் கொளுக்கிகள் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய காசில் வாங்கியவை. மிச்சக் காசுக்கு ஓடு வாங்கினோம். பற்றுச்சீட்டுகள் விறாந்தைப் பலகையில் குத்தியிருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

சரி, ஒரு விசயம் பாக்கி. அன்றிரவு தந்த பாய்களையும் துவாய்களையும் கழுவி உரியவர்களிடம் சேர்த்துவிட்டோம். இரண்டு மேசை விசிறிகளும், மூலையில் சிவப்பு நூலால் தைத்த ஒரு பன்பாயும் மட்டும் யாருடையவை என்று தெரியவில்லை. விசிறிகளில் ஒன்றுக்கு நீல இறக்கை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கூடம் திறந்திருக்கும். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல எங்களுக்கும் ஆசை.

அன்புடன்,
ஓவியக்கூடத்தில் வரைகிற எல்லோருக்காகவும்