முதற்குடிப் பெண்களுக்குச் சட்ட உதவி முதல் நாளிலேயே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கனடாவின் முதற்குடி மக்களில் ஒருவருக்குத் தண்டனை விதிக்குமுன் அவருடைய வாழ்க்கைப் பின்னணியை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லும் கிளாடூ அறிக்கை என்பது, அவர்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் தண்டனைக் கழிவு என்று தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ரொறன்ரோ நீதிமன்றங்களில் நெடுங்காலம் தமிழ் உரைபெயர்ப்பாளராகப் பணியாற்றியவள் என்ற முறையில், நம்மவர் பலரிடம் இதே எண்ணம் இருப்பதை அறிவேன். அந்த எண்ணம் தவறானது. உண்மையான குறை எங்கே இருக்கிறது என்பதையும் அது மறைத்துவிடுகிறது.

அந்த அறிக்கைக்குப் பெயர் தந்ததே ஒரு பெண்ணின் வழக்குத்தான். 1995இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நனைமோ நகரில், முதற்குடிகளில் ஒன்றான கிறீ இனத்தைச் சேர்ந்த கிளாடூ என்ற இளம்பெண் தம் துணைவரைக் கத்தியால் குத்தியதில் அத்துணைவர் இறந்துபோனார். முன்னர் அப்பெண்ணைத் தாக்கியதற்காக அந்தத் துணைவர் தண்டிக்கப்பட்டவர். மனிதக்கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அப்பெண்ணுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்த நீதிபதி, அவர் முதற்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் அல்லாமல் நகரில் வாழ்ந்தவர் என்பதால் அவருடைய முதற்குடிப் பின்னணியைத் தனியாகக் கருத வேண்டியதில்லை என்றார். எங்கு வாழ்ந்தாலும் அந்தப் பின்னணியைக் கருதியே ஆகவேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அப்பெண்ணின் தண்டனை குறைக்கப்படவில்லை. மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. மேலும், தீர்ப்புக்கு அடிப்படையான குற்றவியல் சட்டக்கோவையின் 718.2(உ) பிரிவு, சிறைக்கு மாற்றான வழிகளை எல்லாக் குற்றவாளிகளுக்கும் ஆராயவேண்டும் என்றே சொல்கிறது. முதற்குடி மக்களின் சூழ்நிலையில் தனிக் கவனம் வேண்டும் என்பது அதில் அடங்கிய ஒரு பகுதி. இதைக் கழிவு என்பது எவ்வகையில் நியாயம்?

இந்தச் சட்டம் இருந்தும் நிலைமை மோசமாகியிருக்கிறது. கூட்டாட்சிச் சிறைகளில் உள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதற்குடிப் பெண்கள் என்று சிறைத்துறைக் கண்காணிப்பு அதிகாரி 2021 டிசம்பரில் அறிவித்தார். நாட்டின் மக்கள்தொகையில் முதற்குடி மக்கள் 5 சதவீதமே.

காரணங்கள் பல. என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது, பின்னணியைக் கேட்டறியும் அந்த உதவி மிகவும் பிந்தி வருகிறது என்பதுதான். முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்த வதிவிடப் பாடசாலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பாட்டி, சிறுவயதில் வேற்றுக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்ட தாய், வீட்டு வன்முறை என்று ஒரு பெண்ணின் வாழ்வை ஒருவர் பொறுமையாக இருந்து கேட்டு எழுதும் அந்த அறிக்கை, பெரும்பாலும் குற்றம் உறுதியான பின்னரே தயாராகிறது. அதற்குள் தீர்மானமாக வேண்டியவையெல்லாம் பிணை நீதிமன்றத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. விமானத்தில் மட்டுமே போகக்கூடிய வட ஒன்ராறியோக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய்க்குப் பிணையாளி கிடைப்பது கடினம். விளக்கமறியலில் இருந்தால் பிள்ளைகளைச் சிறுவர் பராமரிப்புத் துறை எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், தற்காப்புக்காகக் கை ஓங்கியவரும் ஒப்புக்கொண்டுவிடுவார். பிணை வழங்கும்போது முதற்குடி மக்களின் சூழ்நிலையில் தனிக் கவனம் செலுத்தவேண்டும் என்ற விதி 2019 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சூழ்நிலையை எடுத்துச் சொல்ல ஆளில்லாதபோது நீதிபதி எதைக் கருதுவார்?

பாதிக்கப்பட்டவராக வரும் பெண்ணுக்கும் இதே கதிதான். 2015இல் அல்பேர்ட்டா மாகாணத்தின் எட்மன்ரன் நகரில், கொடிய பாலியல் தாக்குதலுக்கு ஆளான, வீடற்ற ஒரு கிறீ இனப் பெண் ஆரம்ப விசாரணையில் சாட்சி சொல்ல வந்தார். சோர்ந்து தூங்கி விழுந்தார், கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை என்பதற்காக, சாட்சியம் முடியும்வரை அவரைத் தடுத்துவைக்கும்படி உத்தரவிடப்பட்டது. பல இரவுகளைச் சிறையில் கழித்து, காலில் விலங்கோடு சாட்சி சொன்னார். தம்மைத் தாக்கியவர் ஏற்றப்பட்ட அதே வாகனத்திலும் கொண்டுவரப்பட்டார். அவருக்கு வேண்டியிருந்தவை ஓர் இரவுத் தங்குமிடமும், அவருடைய சமூகத்தைப் புரிந்த ஒரு துணையாளும் மட்டுமே. அம்மாகாண அரசு பின்னர் மன்னிப்புக் கேட்டது, ஆனால் அதற்குள் அப்பெண் வேறொரு சம்பவத்தில் உயிரிழந்திருந்தார்.

பண்பாட்டை அறிந்த உதவி என்பது முதற்குடி மக்கள் புனிதமாகக் கருதும் கழுகு இறகைத் தொட்டுச் சத்தியம் செய்ய இடமளிப்பதோடு நின்றுவிடக் கூடாது. பெரியவர் முன் தலைகுனிந்து பேசும் நம் பெண்களை, எதையோ மறைக்கிறார்கள் என்று வழக்கறிஞர்கள் எண்ணியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தவறான வாசிப்பு எவ்வளவு எளிதில் நிகழும் என்பது நமக்குத் தெரியும். முதற்குடி மக்களின் பண்பாட்டை அறிந்து நீதிமன்றத்தில் அவர்களுக்குத் துணைநிற்கும் முதற்குடி உதவியாளர்கள் அதைத் தடுக்கவல்லவர்கள். 1990 முதல் ரொறன்ரோவில் இயங்கும் முதற்குடி மக்கள் சட்டசேவை நிறுவனம் அதற்கு நல்ல சான்று. ஆனால் அத்தகைய ஆட்கள் எல்லா நீதிமன்றங்களிலும் போதிய அளவில் இல்லை.

காணாமற்போன, கொல்லப்பட்ட முதற்குடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019இல் முன்வைத்த 231 கோரிக்கைகளில், கிளாடூ அறிக்கையை உரிமையாகக் கருதி அதற்குத் தக்க நிதி ஒதுக்கவேண்டும் என்பதும் ஒன்று. அதே ஆண்டில்தான் ஒன்ராறியோ அரசு சட்ட உதவி நிதியை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. அகதி வழக்குகளுக்கு அந்த உதவியை நம்பியிருந்த நம் குடும்பங்கள் அந்த வெட்டின் வலியை நேரடியாக உணர்ந்தன. ஆகவே, தைமாதத் தமிழ் மரபுத்திங்கள் விழாக்களுக்கு வரும் மாகாண சபை உறுப்பினர்களிடம் நம் அமைப்புகள் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று வேண்டுகிறேன்: தங்கள் தொகுதியின் பிணை நீதிமன்றத்தில் முதற்குடி உதவியாளர் ஒருவர் நாள்தோறும் இருக்கிறாரா? இல்லையென்றால் அதற்கான பணத்தை எந்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
ஸ்காபரோ