லிஸ்பனில் மிஞ்சிய வெள்ளி

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 30 வருடமாகக் கொலுசு பற்றவைக்கிறேன். பிரான்சுவா தோமா ஜெர்மேன் என்ற தொழிலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா 1748-இல் இறந்ததும் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அரச வெள்ளிக் கொல்லர் ஆனவர். பாரிஸின் லூவ்ர் அரண்மனையிலேயே குடியிருப்பு. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனை 1755-இல் அழித்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்நாட்டு மன்னர் விருந்துப் பாத்திரங்களை இவரிடம்தான் செய்யச் சொன்னார். அப்புறம் 1765-இல் திவால். பட்டமும் போச்சு, லூவ்ர் வீடும் போச்சு. கடன் எப்படி ஏறும் என்று பட்டறை நடத்துகிறவனுக்குத் தெரியும்: வெள்ளி முதலில் நம் காசில், கூலி கடைசியில்.

பிரான்சில் 1759-இலேயே போர்ச் செலவுக்கு வெள்ளிச் சாமான்களை உருக்கினார்கள். ஜெர்மேன் செய்து லிஸ்பனுக்குப் போனவை தப்பின. அவற்றின் படங்களை உங்கள் ஞாயிறு இதழில் ஒரு பக்கம் போடுங்கள். எங்கள் பட்டறைப் பையன்கள் பார்க்கட்டும்.

கொலுசுத் தொழிலாளி, சேலம்